சித்தி நின்று நின்று ஏறிய பாறை

போன வாரம் மைதானத்தில் நடந்து முடித்து டீ குடிக்கும்போது நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டீர்கள். காப்புக்காட்டுக்குள் ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம், அனுமதி வாங்கிவிடலாம், பாறை மேலே ஏறிப் படம் எடுத்துக் குழுவில் போடலாம் என்று. நான் மட்டும் முழங்கால் வலிக்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை. அன்றைக்குத்தான் உங்களோடு ஆறு சுற்று சுற்றியிருந்தேன்.

முழங்காலில் ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில் எனக்கு ஒரு கோடைக்காலம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு அந்தப் பாறையில் ஏற என்னால் முடியாது. நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதி அனுப்புகிறேன். நம் எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பொறுமையாகப் படிப்பீர்கள்.

என் அப்பா வனத்துறையில் வனவராக இருந்தார். இலுப்பூருக்கும் குன்றாண்டார்கோவிலுக்கும் நடுவில், பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, காட்டை ஒட்டி எங்கள் குவார்ட்டர்ஸ். ஓட்டு வீடு. பின்கதவைத் திறந்தால் காடு. காடு என்றதும் வானத்தைத் தொடும் மரங்களையும் அருவியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் மாவட்டத்துக் காடு குட்டையானது. களா, காரை, சூரை என்று முள்ளும் இலையுமாகப் பின்னிக் கிடக்கும். ஒற்றையடிப் பாதையில் போனால் இரண்டு பக்கமும் தோளை உரசும். வெயில் ஏற ஏற விராலிச் செடியிலிருந்து ஒரு மருந்து வாசம் கிளம்பும். அப்படியே அரை மணி நேரம் நடந்தால் திடீரென்று வெட்டவெளி. அங்கேதான் அந்த மொட்டைப் பாறை. உச்சியில் ஒரு சுனை. கோடையிலும் அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கிடக்கும்.

லீவு நாள் வந்தால் புதுக்கோட்டையிலிருந்து ஆபீஸ் குடும்பங்கள் ஜீப்பிலும் சைக்கிளிலும் வருவார்கள். புளிச்சோற்றுப் பொட்டலமும் டிரான்சிஸ்டரும் கையில் இருக்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காடு காட்டுவது அப்பாவுடைய வேலையில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார். யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நடையின் மேல் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தலைவலித்தால் நடக்க வேண்டும். பசிக்காவிட்டால் நடக்க வேண்டும். நான் கணக்கில் மார்க் குறைவாக வாங்கினாலும் நடக்க வேண்டும். தோளில் ஒரு காக்கி கான்வாஸ் தண்ணீர்ப் பை தொங்கும். வெளிப்பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். அந்தத் தண்ணீரில் துணி வாசமும் சணல் வாசமும் அடிக்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீரை நான் பிறகு எங்கேயும் குடித்ததில்லை. அந்தப் பை எந்த மாறுதலில் தொலைந்தது என்று தெரியவில்லை.

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்த பங்குனியில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் திருவரங்குளத்தில் மாமா வீட்டில் வளர்ந்தவள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு. இரண்டு இடங்களில் பேசி இரண்டும் தட்டிப்போயிருந்தன. ஒரு இடத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே கிணற்றிலிருந்து தண்ணீர்க்குடத்தைத் தூக்கிவந்தவள் வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். சோம்பேறி என்று பேர் கட்டிவிட்டார்கள். மாமா வீட்டில் அத்தைக்கும் அதே எண்ணம்தான். அதனால்தான் அம்மா அவளைத் தன்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தவுடனே மருந்து எழுதிவிட்டார்.

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா இப்படித்தான் இருக்கும். மூணு மாசம் என் கூட நடக்கட்டும். பாறை மேல ஓட வைக்கிறேன் பாரு" என்றார்.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஊதுகுழலை எடுத்து ஊதினாள். தீ நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் இப்போதுதான் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு ஊதுகிறாள் என்று மட்டும் பார்த்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் விழுவதற்குள் கிளம்பினோம். முன்னால் அப்பா, பின்னால் நான், எனக்குப் பின்னால் சித்தி, கடைசியில் வாச்சர். வாச்சர் என்பவர் காட்டைக் காவல் காப்பவர். அந்தக் காட்டை ஒட்டியே பிறந்து வளர்ந்த மனுஷர். பாதி தூரம் போவதற்குள் சித்தி மூன்று தடவை நின்றாள். மூன்றாவது தடவை ஒரு வீரை மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

வாச்சர்தான் சொன்னார். "ஐயா, பாப்பாவுக்கு நெஞ்சு அடிக்கிறது சேலைக்கு மேலயே தெரியுது. இன்னிக்கு இம்புட்டுப் போதும்யா."

"பழக்கமில்ல, அதான். பழகப் பழகச் சரியாப் போகும்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. திரும்பி வந்து தன் கையாலேயே தண்ணீர்ப் பையைத் திறந்து சித்திக்குக் கொடுத்தார். "மெதுவா வா தாயி. அவசரமில்ல" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு எல்லாரும் படுத்தோம். சித்தி மட்டும் படுக்காமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் முதுகில் காதை வைத்துச் சாய்ந்துகொண்டேன். உள்ளே சத்தம் கேட்டது. என் அம்மாவின் முதுகில் காது வைத்தால் கேட்கிற சத்தம் இல்லை இது. திருகையில் மாவு அரைக்கிற மாதிரி, நடுவில் ஒரு உருட்டல்.

"சித்தி, ஒனக்குள்ள என்னமோ உருளுது" என்றேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே பொத்தினாள். பிறகு கையை எடுத்து என் தலையைத் தடவினாள்.

"படுத்தா மூச்சு முட்டுதுடி. அதான் உக்காந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லிறாத."

"அப்பாகிட்ட?"

"அத்தான்கிட்ட முக்கியமாச் சொல்லக் கூடாது. அவரு ஒரு எடம் பாத்திருக்காரு. வாத்தியார் மாப்பிள்ளையாம். இதுவும் போச்சுன்னா நான் திரும்ப மாமா வீட்டுக்குத்தான் போகணும். அங்கிட்டு என்னால இருக்க முடியாதுடி."

"அப்ப ஒனக்கு உடம்பு சரியாக வேணாமா?"

"இது ஒன்னும் பெரிய வியாதி இல்ல. கல்யாணம் ஆயிட்டா வீட்டுக்குள்ளதான இருக்கப் போறேன்? பாறையா ஏறப் போறேன்?"

பத்து வயதில் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஒரு பெரிய மனுஷி என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லிவிட்டாள் என்கிற பெருமை வேறு. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்குள்ளும் ஒரு விளையாட்டு உண்டாயிற்று. மரங்களின் பெயரைச் சித்தி படிக்க ஆரம்பித்தாள். வாச்சரிடம் கேட்பாள், அப்பாவிடம் கேட்பாள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு இலையைப் பறித்து நாற்பது பக்க நோட்டில் வைத்து, பக்கத்தில் பேர் எழுதுவாள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா, காடு எப்படி ஆளை மாத்துதுன்னு" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

விஷயம் வேறு. நடக்கும்போது மூச்சு முட்டினால் சித்தி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவாள். அதைப் பார்த்ததும் நான் நின்று, "சித்தி, இது என்ன மரம்?" என்று கேட்க வேண்டும். உடனே எல்லாரும் நிற்பார்கள். அவள் அந்த மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொல்வாள்.

"இதுவா... இது வந்து உசிலை... இதோட எலையைக் காயவச்சு இடிச்சு... தலைக்குத் தேய்ப்பாங்க... அரப்புன்னு சொல்றது இதைத்தான்..."

அந்த இடைவெளி ஒவ்வொன்றும் அவள் வாங்கிய மூச்சு. கேட்கிறவர்களுக்கு, யோசித்து அழகாகப் பேசுகிறாள் என்று தோன்றும். சித்திரையில் இந்த விளையாட்டில் நாங்கள் கைதேர்ந்துவிட்டோம். எந்த ஏற்றத்துக்கு முன்னால் எந்த மரம் நிற்கிறது என்று எனக்கு மனப்பாடம். உசிலையை விட்டால் அடுத்தது பாலை மரம், அதற்கடுத்து கருங்காலி, பாறை தொடங்குகிற இடத்தில் காயா. வைகாசி பிறப்பதற்குள் சித்தி பாறை உச்சிக்கு இரண்டு தடவை போய்வந்துவிட்டாள். இரண்டு தடவையும் சுனைக்கரையில் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தடவை முந்தானையில் இருமித் துடைத்ததை நான் பார்த்தேன். துணியில் லேசாகச் சிவப்பு. களாப்பழம் தின்றேன் என்றாள். அது களா பழுக்கிற காலமா இல்லையா என்று வனவர் மகளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் நம்பிக்கொண்டேன்.

பெண் பார்க்கும் சடங்கைக் காட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் யோசனை. வீட்டில் வைத்துப் பார்த்துத் தட்டிப்போனால் ஊர் பேசும். காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள் என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரும் சரி என்றுவிட்டார்கள். இதற்குள் அப்பாவுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சோம்பேறி என்று பேர் வாங்கிய பெண் பாறை ஏறுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா என்று மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். ஒல்லியான ஆள். யாராவது பேசினால் தலையைச் சாய்த்துக் கேட்பார். சித்தி நீலச் சேலை கட்டியிருந்தாள். அம்மா வீட்டிலேயே நின்றுகொண்டாள். சமையல் இருக்கிறது என்று காரணம் சொன்னாள். எல்லாம் முந்தின நாளே ஆக்கி வைத்தாகிவிட்டது.

அன்றைக்கு நான் பதினான்கு மரத்துக்குப் பேர் கேட்டேன். ஏறும்போதே விரல் விட்டுக்கொண்டு வந்தேன், கூடிவிடக் கூடாதே என்று. ஏழாவது மரத்தில் மாப்பிள்ளையின் அக்கா, "இந்தப் புள்ளைக்கு வாயே ஓயாதா?" என்று சிரித்தாள். அப்பா பெருமையாக, "ரெண்டு பேரும் இப்படித்தான். காடு முழுக்க இவங்களுக்குப் பாடம்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சித்தியின் கன்னத்துமேட்டில் எப்போதும் ஒரு கருஞ்சிவப்பு இருக்கும். அன்று ஏறிய ஏற்றத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

"காட்டுக் காத்து பட்டுக் கன்னம் எப்படிச் செவந்திருக்கு பாருங்க. மகாலட்சுமி கணக்கா இருக்கா" என்றாள்.

அந்தச் சிவப்பும் நோய்தான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியவர்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். நான் சுனையில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீரைக் கையில் அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பாப்பா, ஒங்க சித்தி மரம் பாக்கத்தான் நின்னாங்களா? இல்ல, ஏற முடியாம நின்னாங்களா?"

வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. எங்கள் பதினான்கு மரத்தையும் அவர் ஒருவர்தான் கவனித்திருக்கிறார். மிரட்டிக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ எனக்குத் தெரியாது. ஒருவேளை பேசாமல் எழுந்து போயிருப்பார். ஒருவேளை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்.

"மரம் பாக்கத்தான்" என்றேன். அது போதாது என்று தோன்றி, "சித்தி என்னை விட வேகமா ஏறும். இன்னிக்கு வெக்கத்துல மெதுவா வருது" என்று சேர்த்துக்கொண்டேன்.

அவர் முகம் தெளிந்துபோயிற்று. சிரித்தார். என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தி சந்தோஷமாக இருந்தாள். இதை நான் உறுதியாகச் சொல்வேன். மாப்பிள்ளைக்கு வேலை கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். பக்கத்திலேயே வாடகை வீடு. தீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வர, சித்தி பின்னால் உட்கார்ந்து வந்தாள். மேட்டில் இறங்கி நடக்க வேண்டிய இடத்தில்கூட அவர் அவளை இறங்கவிடவில்லை, தான் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாத்தியா, நான் சொன்னேன்ல, ஒன்னும் ஆகலைல்ல" என்றாள். நோட்டைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டு எடுத்துக்கொண்டாள். தன் வீட்டுக்காரர் அதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறார் என்றாள்.

அடுத்த வைகாசியில் அவளுக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கிவிட்டன. வீங்கத்தான் செய்யும் என்றார்கள். பகலிலும் உட்கார்ந்துகொண்டே தூங்குகிறாள் என்று செய்தி வந்தது. அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு சகஜம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூச்சே விட முடியாமல் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. டாக்சி வைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். தந்தி வந்து நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. என்னை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு டாக்டர் வந்தார். வயதானவர். வியர்த்துப்போயிருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை, "ஒரு மாசமாத்தாங்க" என்றார்.

"ஒரு மாசத்துல இதயம் இப்படி ஆகாது. முன்னாடி இருந்தே இருக்கும். மூச்சு வாங்குமா? சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா? அதுதான் இதயத்தைக் கெடுக்கும். யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சாத்தான் நான் மேற்கொண்டு செய்ய முடியும்."

அப்பா முன்னால் வந்தார். "இல்லவே இல்லைங்க. நல்ல திடமான பொண்ணு. என் கூட வாரம் தவறாம காட்டுக்குள்ள நடந்தவ. பாறையெல்லாம் ஏறினவ. இவங்களே கண்ணால பாத்தாங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டினார்.

அந்த அம்மாள், "ஆமாங்க, ஏறுச்சு. நாங்க பாத்தோம்" என்றாள்.

டாக்டர் திரும்பி உள்ளே போகப் போனார். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"சித்திக்கு அப்பவே மூச்சு வாங்கும். படுக்க முடியாது. மூச்சு வாங்கறப்பல்லாம் நான் மரம் என்னன்னு கேப்பேன். நாங்க ரெண்டு பேரும் பொய் சொன்னோம்."

அப்பா என்னை அறைந்தார். அதுவரையும் அடித்ததில்லை, அதற்கப்புறமும் அடித்ததில்லை. இரண்டாவது தடவை கை ஓங்கியபோது அம்மா நடுவில் வந்து நின்றாள்.

"அவளை அடிக்காதீங்க. அவ சொல்றது நெசம்" என்றாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். "பன்னெண்டு வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சுங்க. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடணும், பல வருஷத்துக்கு விடாமப் போடணும்னு அப்ப டாக்டரு சொன்னாரு. பதினெட்டு வயசு வரைக்கும் போட்டோம். மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போனா நோயாளிப் பொண்ணுன்னு பேராயிரும்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். நான்தாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இதை அவரிடம் அவள் சொன்னதில்லை. டாக்டர் யாரையும் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

இரண்டு நாளில் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. ஆண் குழந்தை என்றார்கள். என்னைப் பார்க்கவிடவில்லை. சித்தி பிழைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா தாழ்வாரத்தில் நின்று அழுத அழுகையை விடக் கேட்ட கேள்விகள்தான் அதிகம். காட்டுக்குக் கூட்டிப்போய் ஏமாற்றிவிட்டீர்கள் என்றாள். சின்னப் பிள்ளையைப் பழக்கி வைத்துப் பொய் சொல்ல வைத்தீர்கள் என்றாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அது உண்மையாக இருந்தும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை நான்கு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் காலையில் சித்தியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"அன்னிக்கு நான் ஒங்கிட்ட கேட்டேனே பாப்பா" என்றார்.

அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை. நான் தம்ளரையே தேய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் சித்தியின் பெட்டியை யாரோ ஒருவர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. நோட்டு மட்டும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று என்று கேள்விப்பட்டோம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் என்னை வைத்துப் பலதடவை பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி முடிகிறது.

அந்த வருஷக் கடைசியில் மெட்ராஸில் சித்திக்கு ஆபரேஷன் நடந்தது. நீளமான லீவு போட்டு அப்பாதான் கூட இருந்தார். அம்மா போகவில்லை. போகிறேன் என்று அவள் கேட்கவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அந்த மாதங்களில் சாப்பாட்டைப் பற்றியும் பால்காரரைப் பற்றியும் மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். சித்தி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். இடது மார்புக்குக் கீழிருந்து முதுகு வரை தையல் போட்ட தழும்பு. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தாள். பக்கத்து ஊர் பால்வாடியில் வேலை பார்த்தாள். எல்லாரிடமும் நன்றாகத்தான் பேசினாள், என்னிடமும் பேசினாள். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள், தலை வாரிவிடுவாள். ஆனால் அவளைப் பற்றி எதுவும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். பொய் சொன்னதற்காகவா, உண்மையைச் சொன்னதற்காகவா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். பதினெட்டு வருஷம் இருந்தது.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் மெட்ராஸிலிருந்து வந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஒன்றரை வருஷமாக எங்களில் யாரையும் காட்டுக்குக் கூப்பிட்டதில்லை. டியூட்டிக்கு மட்டும் தனியாகப் போய் வருவார். அன்று காலை அவர் பூட்ஸ் மாட்டும்போது சித்தி உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"நானும் வாரேன் அத்தான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "மெதுவாப் போயிட்டு வாங்க" என்றாள். நான் பின்னாலேயே கிளம்பினேன். யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மழை விட்ட காலம். பாதையெல்லாம் ஈர மண். மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். உசிலையைத் தாண்டினோம், பாலையைத் தாண்டினோம். ஒவ்வொரு மரத்தடியிலும் சித்தியின் கையைத் திரும்பிப் பார்த்தேன். சித்தி முந்தானையைத் தொடவே இல்லை. முன்னைக்கு இப்போது நன்றாகத்தான் நடந்தாள். பாறை தொடங்குகிற இடத்துக்கு வந்தோம். அப்பா இரண்டு எட்டு மேலே ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலை ஈரமாகும் என்றுகூடப் பார்க்கவில்லை.

"எனக்கு மூச்சு வாங்குது அத்தான். இதுக்கு மேல என்னால முடியாது."

எந்தச் சாக்கும் இல்லாமல் அவள் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்கிற தைரியம் அவளுக்கும், கேட்கிற காது எங்களுக்கும் வருவதற்குள் ஒரு பிள்ளை போய்விட்டது.

அப்பா பழகப் பழகச் சரியாகும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் இறங்கி வந்தார். சித்திக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமலே அதை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் முடியலத்தா" என்றார்.

சித்தி கையை நீட்டி அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.